மெட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்கள்

என் கணவர் கொழும்பு ஹோட்டல்களில் இருபது வருடம் ஜாஸ் பியானோ வாசித்தவர். போர்த்துக்கீசர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம். தச்சு வேலை செய்யும் வீட்டில் பிறந்து, தேவாலயத்து ஓர்கனில் விரல் பழகியவர். ஹோட்டலில் இசைக்குழுவை நிறுத்தியதும் பியானோவை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, பள்ளிக்கூட ரீச்சரான என்னைக் கட்டினார்.

அவருடைய இசை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மெட்டு இந்தப் பக்கம் திரும்பும் என்று காத்திருப்பேன்; அது வேறெங்கோ போய்விடும்.

"எப்பிடி இரிக்கு, புள்ள?" என்று கேட்பார்.

"நல்லாத்தான் இரிக்கு" என்பேன். பொய் என்று தெரிந்து சிரிப்பார்.

போன மார்கழியில் நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமை, அவரோடு கொழும்பில் சாக்ஸபோன் வாசித்த சிங்களவர் ஒருவர் வந்தார்; அரைகுறையாய்த் தமிழ் பேசுவார். என் கணவர் எழுதிவைத்த மெட்டுகளைத் தங்கள் குழு வாசிக்கப்போகிறது என்றார். அலுமாரியிலிருந்த இசைக் கொப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே தடுமாறி நின்றார். தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்தது, தமிழ்ச் சொல் மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

"அக்கா, இது என்ன?"

வாங்கிப் பார்த்தேன். 'சோறு ஆறுது.' புரட்டினேன். 'மழை வருது, உடுப்ப எடுங்க.' 'குடைய எங்க விட்டீங்க?' எல்லாம் நான் குசினியிலிருந்து கத்தியவை. அப்போதெல்லாம் அவர் தலையைக்கூடத் திருப்பமாட்டார். காதிலேயே விழவில்லை என்று எத்தனை தரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தேன்!

வெட்கத்தோடு அர்த்தம் சொன்னேன். வந்தவர் சிரிக்கவில்லை. பியானோ முன் உட்கார்ந்து முதல் மெட்டை வாசித்தார். வாவிக் காற்றின் ஈரத்தில் இரண்டு கட்டைகள் எழும்பவில்லை. மிக மெதுவான மெட்டு. என் குரல் ஒருநாளும் அவ்வளவு இதமாக இருந்ததில்லை. என் கணவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

கடைசிக் கொப்பியின் கடைசி மெட்டுக்குப் பெயர் இல்லை.

"நீங்க ஒண்டு சொல்லுங்க, அக்கா."

என் கணவர் இருந்தபோது நான் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்தான் வாயில் வந்தது.

"'அவசரமில்ல, இருந்து வாசிங்க' எண்டு போடுங்க."

அவர் அதைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு, சரியா என்று இரண்டு தரம் எனக்குச் சொல்லிக் காட்டினார்.