பட்டறை போட்ட கஞ்சா

ஐப்பசி மழையில் எந்த மடையனும் எதையும் காயவைக்க மாட்டான். எங்களுக்கு வேறு வழியில்லை. என் கணவருக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. தஞ்சாவூரில் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை முதலில் நன்றாகத்தான் கேட்டது. போகப்போக, விழுங்கிய சிறிது நேரத்திலேயே பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார். நன்னிலம் பக்கம் குத்தகைக்குப் பயிர் செய்யும் என் தம்பி அதைப் பார்த்துவிட்டுப் போனவன், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில், அத்தானுக்காக ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்த்தான். பிடிபட்டால் ஜெயில். தெரிந்துதான் வளர்த்தான்.

பூத்ததும் அறுத்து, உரச்சாக்கில் திணித்து, மேலே கீரைக்கட்டுகளைப் பரப்பி, பைக்கில் கொண்டுவந்து கொல்லைப்பக்கம் இறக்கினான்.

"அக்கா, இது நல்லா காயணும். காஞ்சாத்தான் அத்தானுக்குக் கொடுக்க முடியுமாம்," என்றான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவர் ஒருநாளாவது வலியில்லாமல் தூங்கினால் போதும் என்றிருந்தது.

சமையலறையில் கொடி கட்டிக் கிளைகளைத் தொங்கவிட்டேன். வாடை என்றால் அப்படி ஒரு வாடை. சன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும், தெருவுக்கும் தெரிந்துபோகும். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டதில் எனக்கே மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்னங்க, தெனம் சாம்பிராணி மணக்குது, ஏதும் விசேஷமா?" என்றாள். "கொசுங்க," என்றேன். அவளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. பாவம், அவள் என்ன செய்தாள்?

இலைகள் நமுத்த அப்பளம் போலவே தொங்கின. காய்வேனா என்றன.

கட்டிலில் கிடந்தவர் ஒரு கிளையைக் கொண்டுவரச் சொன்னார். கசக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"அடைமழையில கொடியில தொங்கவிட்டா எந்தக் காலத்துல காயும்? பட்டறை போடு. சூடு ஏறுனா ஈரம் தானா வெளிய வந்துடும்."

கதிரடிக்கும்போது முதல் அடிக்கு உதிராமல் வைக்கோல் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்லை எடுக்க, தாளை ஈரத்தோடு நெருக்கி அடுக்கி மூடிவைப்பதுதான் பட்டறை. சில நாளில் உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். அப்புறம் பிரித்துப் போரடித்தால் நெல் கொட்டும். பட்டறை போடுவதில் இவரை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை. ஆனால் அது நெல்.

"இது நெல்லு இல்லீங்களே."

"எல்லாம் மண்ணுல வெளஞ்சதுதான். சொன்னதைச் செய்யேன்."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரல்! தண்ணீர் கேட்கவும் முனகவும் மட்டுமே பழகிப்போயிருந்த வாய், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வயலில் நின்று ஆளை ஏவுவதுபோல் அதட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நான் எப்படி முடியாது என்பேன்?

தலையணையை முட்டுக்கொடுத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தேன். "அடித்தண்டு வெளிப்பக்கம் இருக்கட்டும், பூவு உள்ள. அமுக்கு. இன்னும் நல்லா அமுக்கு," என்று அங்கிருந்தே சொல்லச் சொல்ல, சமையலறைத் தரையில் அடுக்கினேன். மேலே வைக்கோல், அதன் மேல் சாக்கு, அதற்கு மேல் அம்மிக் குழவி. அன்று மதியம் அவர் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பின் தினமும் என்னைக் கைவிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"சூடு இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப சரி. பதம் வரட்டும்."

பதம் வருவதற்குள் வலி முந்திக்கொண்டது. ஒரு சாயங்காலம் கட்டில் சட்டத்தைப் பிடித்து அவர் இழுத்த இழுப்பில் கட்டிலே நகர்ந்தது. "போதும், பிரிச்சுடு," என்று கத்தினார்.

சாக்கை எடுத்ததும் ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே பூவெல்லாம் கறுத்துக் கூழாகி, மேலே வெள்ளைவெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மக்கிய வைக்கோல் நாற்றம். அவர் கண்ணில் படக்கூடாது என்று அப்படியே வாரிக்கொண்டு போய்க் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் வீசிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

"வீணாப்போச்சுங்க. பூஞ்சை புடிச்சிடுச்சு."

"எங்க அது?"

"வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"ஏன் போட்ட?"

"அதைக் கொடுத்து உடம்புக்கு ஏதாவது ஆயிட்டா என்னங்க பண்றது?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "இனிமே எனக்கு என்னடி ஆகணும்?"

அந்தப் பேச்சை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. டாக்டர் சுற்றி வளைத்தார், தம்பி வேறு பேச்சுக்குத் தாவினான். நானும் அவரும் தை அறுவடைக்கு மெஷின் சொல்லிவைப்பது பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ஓடினேன். வாய்க்கால் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கோரைக்குள்ளும் ஆகாயத்தாமரைக்குள்ளும் கையைவிட்டுத் துழாவினேன். அழுகினதானாலும் சரி, ஒரே ஒரு கிளை சிக்காதா என்று வாய்விட்டு அழுதுகொண்டே தேடினேன். மதகு வரை போய்ப் பார்த்தேன்.

சொட்டச் சொட்ட, வெறுங்கையோடு வந்து கட்டிலருகே நின்றேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கெடச்சுதா?"