படுத்துக் கேட்பவர்

வெள்ளிமலைக்குப் போகும் வழியில் மழை பிடித்ததால், வழிபாடு நின்றுபோன பழைய சர்ச்சுக்குள் ஓடினேன். உள்ளே கொடியில் லுங்கிகள், மூலையில் சோற்றுப்பானை. பீடம் இருந்த இடத்தில் நரைமீசைக்காரர் ஒருவர் கண்மூடி மல்லாந்திருக்க, சுற்றி நால்வர் சாவு மேளம் அடித்தார்கள். கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியாமல், "ஐயோ, எப்போ போனாரு?" என்று அலறினேன்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"இன்னாங்க கத்துறீங்க? இது எங்க வூடு. நாளைக்கு ஒரு சாவுக்குப் புது அடி கட்டிகினு இருக்கோம். செத்தவரு படுத்துகினுதான கேப்பாரு? அவருக்கு நல்லா இருக்க வாணாமா? நான் வாத்தியாருன்னு இவனுங்க எனக்குப் பயந்து நல்லாருக்குன்றானுங்க. நீங்க படுத்துக் கேட்டு நெசத்தச் சொல்லுங்க."

படுத்தேன். மேளத்தை என் நெஞ்சு முந்திக்கொண்டு அடித்தது.

"அருமைங்க" என்றேன்.

"உசுரோட இருக்கறவங்க அப்பிடித்தான் சொல்வாங்க" என்று சலித்துக்கொண்டு, என்னை எழுப்பிவிட்டு மறுபடி படுத்தார்.

வேறு யாரிடம் கேட்பார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.