விழுவதற்கு ஓர் இளைஞன்

என் அக்காவின் கணவருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு இரண்டு இடங்களில் பிதுங்கியிருப்பதாகச் சேலத்தில் ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு தடவை கழுத்து மடங்க விழுந்தால் இரண்டு கைகளும் செயலற்றுப் போகலாம் என்றும் சொன்னார். நாற்பத்தொன்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஓர் எச்சரிக்கை தேவைப்படாது. மாமாவுக்கு விழுவதே பாதித் தொழில்.

வார நாட்களில் தருமபுரியில் வெல்டிங் பட்டறை. திருவிழா நாட்களில் மேடை மல்யுத்தம். டி.வி.யில் பார்க்கிற அதே வகைதான்: கயிறு கட்டிய மேடை, பளபளக்கும் பெல்ட், முன்கூட்டியே பேசி முடித்த வெற்றி தோல்வி. இருபது வருடங்களுக்கு முன் ஒரே ஜிம்மில் உடற்பயிற்சி செய்த எட்டுப் பேர் ஆரம்பித்த குழு அது. இருவர் போக மீதி ஆறு பேரும் இன்னும் இருந்தார்கள். ஃபிளெக்ஸ் பேனரில் மட்டும் எல்லோருக்கும் இன்னும் கறுப்பு முடி. படங்களை மாற்றவே இல்லை. மேடையேறியதும் கூட்டம் பேனரையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஏன் இளைஞர்கள் வருவதில்லை என்று ஒரு கட்டுரைக்காக விசாரித்தேன். நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். கட்டுரை அச்சாகவில்லை. ஆனால் விசாரித்தது மறக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் கட்டுடலுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு ஜிம். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் தோள் இறங்கிவிடுமோ என்று பயந்தார்கள். ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு ஷிஃப்ட் இடித்தது. இதெல்லாம் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் வேறு. மேடை மல்யுத்தத்தில் புதிதாக வருகிறவன் முதல் ஆறு மாதம் தோற்க வேண்டும். தோற்கிறவன் இருந்தால்தான் ஜெயிக்கிறவனுக்கு மதிப்பு. பின்னால் இவன் ஜெயிக்கும்போது அந்த மதிப்பு இவனுக்கு வரும். எங்கள் பையன்கள் சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் முன்னால், மல்லாந்து கிடக்கத் தயாராக இல்லை. அது நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும் என்றாலும் மாட்டார்கள்.

பெண்கள் வந்தார்கள். கல்லூரிக் கபடி அணியிலிருந்து நான்கு பேர் ஒரே வருடத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி சித்தேரியிலிருந்து மலைப் பேருந்தில் இறங்கி வருவாள். முதல் நாளே எப்படி விழுவது என்று கேட்டாள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே விழ வேண்டும், இரண்டு உள்ளங்கைகளும் பலகையில் அறைய வேண்டும். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். இருந்தும் பெண்கள் சண்டை முதலில் வரும் சிறு நிகழ்ச்சியாகவே நடந்தது. பெல்ட்டுக்கான கடைசிச் சண்டை ஆண்களுடையது. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, மாமா உட்பட.

மாமா ஏற்கெனவே மூன்று முறை அக்காவிடம் 'இதுதான் கடைசி' என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை. அவர் இடத்துக்கு வருவதாக ஒவ்வொரு முறையும் ஓர் இளைஞன் சொன்னான், கடைசியில் வரவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது முறை, மொரப்பூர் பக்கம் ஒரு மாதா கோயில் தேர்த் திருவிழா. இந்தத் தடவை ஆள் உறுதி என்றார் மாமா. ஓசூரில் ஒப்பந்த வேலை பார்க்கும் இருபத்துநான்கு வயதுப் பையன். தோள் அகலம், முகவெட்டு, எல்லாம் பொருந்தியிருந்தது. அவனுக்காக ஆறு மாத விதியையே தள்ளுபடி செய்திருந்தார்கள். ஒரே ஒரு முறை விழுந்தால் போதும். எதிராளி அவனைத் தோளுக்கு மேல் தூக்கி அடிப்பார், கதை முடிந்தது என்று கூட்டம் நினைக்கும், அவன் எழுந்து எதிராளியைச் சாய்த்து பெல்ட்டை வாங்குவான். எதிராளி ஒகேனக்கல் பரிசல்காரர். வயது நாற்பத்துநான்கு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். துடுப்புப் போட்டே வளர்ந்த தோள்கள். குழுவின் நிரந்தர வில்லன் அவர்தான்.

நாளிதழில் எங்கள் மாவட்டத்துக்கான பக்கம் மாலை ஆறு மணிக்கே அச்சுக்குப் போய்விடும். கடைசிச் சண்டை ஏழு மணிக்கு. முடிவு எனக்குத் தெரியும். நாலே முக்காலுக்கே செல்பேசியில் செய்தியை அடித்து அனுப்பிவிட்டேன்: 'பலத்த ஆரவாரத்துக்கிடையே இளம் வீரர் பெல்ட்டைக் கைப்பற்றினார்.' நடக்காத ஒன்றை நடந்ததாக நான் எழுதியது என் வேலையில் அதுவே முதல் முறை. யாராவது கேட்டிருந்தால், இதன் முடிவுதான் முன்பே எழுதப்பட்டதாயிற்றே என்று சொல்லியிருப்பேன்.

பங்குப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறைதான் ஒப்பனை அறை. கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்காமல் இருந்தது. ஆறு மணி சுமாருக்குப் பையன் வந்தான். உடை மாற்றவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான்.

"மாஸ்டர், ஒரு சின்ன விஷயங்க."

"சொல்லுப்பா."

"ஜெயிக்கறது ஓகேங்க. ஆனா நடுவுல இவரு என்னத் தூக்கிப் போடறாரு பாருங்க, அது மட்டும் வேணாங்க."

பரிசல்காரர் சிரித்துவிட்டார். "தூக்கிப் போடாம எப்படிப்பா ஜெயிப்ப?"

"அப்படியே நேரா ஜெயிச்சிடறேங்க."

மாமா பொறுமையாகக் கேட்டார். "நேத்து வரைக்கும் சரின்னியே, இப்ப என்ன?"

பையன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. பொண்ணோட தாய்மாமன் மூணாவது வரிசைல உக்காந்திருக்காருங்க. திருவிழாவுக்கு வந்திருக்காரு. அவரு முன்னாடி நான் மல்லாக்க விழுந்தா, வூட்ல போயி என்ன சொல்லுவாரு?"

"பொய்யா விழறன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. இருந்தாலும் விழுந்தது விழுந்ததுதானுங்களே."

பையன் கும்பிடு போட்டுவிட்டு நண்பனின் பைக்கில் ஏறிப் போனான். மாமா பையிலிருந்து கிரேப் பேண்டேஜை எடுத்து முழங்காலில் சுற்ற ஆரம்பித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் பாட்டிலோடு அக்கா உள்ளே வந்தாள். அவள் சத்துணவு அமைப்பாளர். ஐம்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவள். கத்தும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"என்னாங்க, நீங்களா?"

"ஒரே ஒரு தடவதான். தாடைய நெஞ்சுல ஒட்டிக்கிட்டா ஒண்ணும் ஆவாது."

"இந்தத் தாடை விஷயத்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

மாமா பேண்டேஜைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். வெளியே ஒலிபெருக்கி கடைசிச் சண்டையை அறிவிக்கத் தொடங்கியிருந்தது. பையனின் பெயரையும் சேர்த்து.

கடைசி பெஞ்சில் சித்தேரிப் பெண் குஸ்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சண்டை ஏற்கெனவே முடிந்திருந்தது. விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்.

"மாஸ்டர், அவனுக்குப் பதிலா மேடைக்கு நான் போறங்க."

பரிசல்காரர் இரண்டு கைகளையும் ஆட்டினார். "பேடாம்மா, பேடா. உன்ன நான் தூக்கிப் போட்டா ஜனங்க என்னக் கல்லால அடிக்கும்."

"நீங்க ஏண்ணா தூக்கறீங்க? நீங்க விழுங்க."

"விழறதுக்கு நான் எப்ப மாட்டேன்னேன்? இருவது வருஷமா எனக்கு வேற என்ன வேல?" கொஞ்சம் யோசித்தார். "நாளைக்குப் பரிசல்ல ஏறறவன் எல்லாம், பொம்பளகிட்ட அடி வாங்குனவன்னு சிரிப்பான். சிரிச்சிக்கிட்டே ஏறட்டும், நல்லதுதான்."

"அவர ஜட்ஜா நிக்கச் சொல்லு," என்றாள் அக்கா, கணவரிடம் பேசாமல் என்னிடம். "பேண்ட் சட்டையோட. வெள்ளச் சட்டை நம்ம பையிலயே இருக்கு."

பிரச்சினை விழாக் குழுத் தலைவரிடமிருந்து வந்தது. மளிகைக் கடைக்காரர். ஆணும் பெண்ணும் மேடையில் கட்டிப் புரள்வதா, கோயில் வளாகத்திலா என்று பதறினார். பங்குச் சாமியாரைக் கேட்காமல் விட மாட்டேன் என்று அழைத்தே வந்துவிட்டார். சாமியார் தேர்ப் பவனிக்காக அங்கி மாட்டிக்கொண்டிருந்த அவசரத்தில் வந்தார்.

"கீழ விழப் போறது யாரு?"

பரிசல்காரர் கையைத் தூக்கினார். "நானுங்க சாமி."

"அந்தப் பொண்ணு?"

"நிக்கும்ங்க சாமி."

"அப்ப சரி. எட்டு மணிக்குத் தேர். அதுக்குள்ள முடிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விழாக் குழுத் தலைவர் மேலும் எதையோ எதிர்பார்த்தவர் போல வாசலில் சிறிது நேரம் நின்றார்.

நான் சண்டையைப் பார்க்கவில்லை. கேட்டேன். மேடைப் பலகைக்கு அடியில் அவர்கள் ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு விழுதலும் மைதானம் முழுக்க இடிபோல ஒலிக்கும். அக்கா ஒரு நாளும் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. ஒப்பனை அறையில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சத்தத்தை எண்ணுவாள். அன்று நானும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மாமா நடுவராக நிற்பார் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் சண்டை தொய்ந்தால் நடுவரே ஓர் அடி வாங்கி விழுவது இந்த மேடைகளில் வழக்கம். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

முதலில் கயிறு அதிரும் சத்தம். பிறகு கூட்டத்தின் சிரிப்பு. பரிசல்காரர் ஏதோ கெஞ்சுகிறார் போலிருந்தது. திடீரென்று ஒரு விழுதல். கூட்டம் ஒரு கணம் ஊமையானது.

அக்காவின் கை பெஞ்சு விளிம்பைப் பிடித்தது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருடா," என்றாள். "லேசா இருக்கு. அந்தப் பொண்ணு."

பிறகு விசாரித்ததில் அது சரிதான். யாரும் தள்ளவில்லை. கயிற்றின் மேல் ஏறிக் குதித்து, பரிசல்காரர் விலகியதுபோல் காட்ட, அவளாகவே வெறும் பலகையில் விழுந்திருக்கிறாள். விழாமல் ஜெயித்தால் ஜெயித்த மாதிரி இருக்காது என்று அவள் எங்களிடம் சொன்னாள், ஏதோ உப்புப் போடாமல் சமைப்பதைப் பற்றிச் சொல்வதுபோல.

அடுத்த இரண்டு நிமிடம் ஆரவாரம் மட்டும். அதன் பிறகு சன்னல் கம்பியே அதிரும்படி ஒரு சத்தம்.

"பரிசல்காரரு," என்றாள் அக்கா. மூன்று வரை எண்ணும் மாமாவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. மூச்சு வாங்காத குரல். மணி அடித்தது. அக்கா பெஞ்சை விட்டுக் கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்து, புடவையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு வியர்வை.

அந்த நிம்மதியில் என் செய்தி எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்குப் பேசினேன்.

"பேஜ் போயிடுச்சுங்களே," என்றார் உதவி ஆசிரியர். "ஏன், தப்பா ஏதாவது?"

"ஜெயிச்சது வேற ஆளு."

"யாரு?"

"ஒரு பொண்ணு."

"நீங்க அங்கதானங்க இருந்தீங்க?" என்றார். காலையில் இளம் வீரர் பெல்ட்டைக் கைப்பற்றிய செய்தி வெளியாகியிருந்தது. முதல் அழைப்பு அந்தப் பையனிடமிருந்துதான். கோபப்படவில்லை. "அண்ணா, நீங்க எழுதுனது நல்லாதான் இருக்குது. ஆனா அந்தத் தாய்மாமன் கடேசி வரைக்கும் உக்காந்து பாத்திருக்காருங்களே," என்றான். மறுநாள் மூன்று வரியில் திருத்தம் வந்தது. நியாயமாக எனக்குக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் அந்தத் தவறை நினைத்து வருந்த என்னால் முடியவில்லை. நான் எழுதியபடி நடந்திருந்தால்கூட, அடுத்த திருவிழாவில் அந்தப் பையன் வராமல் போக, மாமா மறுபடி முழங்காலில் பேண்டேஜ் சுற்றியிருப்பார்.

அதற்குப் பிறகு கடைசிச் சண்டை பெண்களுடையதாயிற்று. புது பேனர் அடித்தார்கள். நடுவில் சித்தேரிப் பெண். ஓரத்தில், இந்த வருடத்து நரையோடு, மாமா. "ஜட்ஜுக்கு ஒருத்தனும் கை தட்ட மாட்டேங்கறான் மாப்ள," என்று இரண்டு நிகழ்ச்சிகள் வரை குறைப்பட்டார். மூன்றாவதிலிருந்து அதையும் விட்டுவிட்டார். சேலத்து மருத்துவர் மறுபடி பார்த்து, கழுத்து இருந்தபடியே இருக்கிறது, மோசமாகவில்லை என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிறு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அரூரிலிருந்து ஓர் இளைஞன் பட்டறைக்கு வந்து குழுவில் சேரக் கேட்டானாம். நல்ல உடம்பாம். மாமா அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறார், விழுவியா என்று. வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனானாம்.

"எப்ப?" என்றாள் அக்கா, தோசைக்கல்லிலிருந்து திரும்பாமல்.

"பத்து நாள் இருக்கும்."

முன்பெல்லாம் இந்தப் பத்து நாளும் மாமா செல்பேசியை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்று அது எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"வராட்டி போறான்," என்றாள் அக்கா. "இன்னொன்னு ஊத்தட்டா?"

"ஊத்து," என்றார் மாமா.