கைப்பிடிச்சுவரில் கவிழ்த்த டம்ளர்

இனியா டீயைக் கொதிக்க வைப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி கண்ணாடி ஜாடியில் கோத்தகிரித் தேயிலையைப் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். விடிவதற்குள் தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். கொதிநீரில் இறங்கும் கசப்பு குளிர்நீரில் அவ்வளவாக இறங்காது. வடிகட்டி, எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் ஐஸும் சேர்த்தால் சூலூர் வெயிலே தோற்றுப்போகும்.

அந்த டீக்காகவே ஞாயிறுதோறும் மாடியேறி வருவார் வீட்டுக்கார அம்மா அம்புஜம். பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் இனியா அவர் வீட்டு மாடியில் குடியிருந்தாள். வீடு பார்க்க வந்த அன்றே, சொந்த ஊர் அன்னூர் என்றதும் அம்புஜம் கேட்டிருந்தார்.

"அன்னூர்ல நீங்க எந்த ஆளுங்க அம்மணி?"

"தோட்டத்துக்காரங்கங்க."

ஊரார் தோட்டத்தில் காலமெல்லாம் கூலிக்குக் குனிந்தவரின் மகள் சொன்ன பதில் அது. அதற்கு முன் உண்மையைச் சொன்ன வீடுகளில் எல்லாம் திடீரென்று "சொந்தக்காரங்க குடிவாராங்க" என்று கதவு சாத்தியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, அம்புஜம் முதல் மடக்கு குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தார் அப்பா கருப்புசாமி. கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய்.

"வாங்க," என்றாள் இனியா. அதற்கு அடுத்து வரவேண்டிய 'அப்பா' வரவில்லை.

உள்ளே புது ஆள் இருப்பதைக் கண்டு அவர் படியிலேயே நின்றுவிட்டார். அவள் டம்ளரை நீட்டினாள்.

"இது டீயாங்க? அடுப்பே காணாத டீயா!" என்று அம்புஜத்தைப் பார்த்துச் சிரித்தார் கருப்புசாமி. ஓரமாய்த் திரும்பி, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஐஸ்கட்டி ஒன்று மூக்கில் விழுந்து தெறித்தது. அம்புஜத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குடித்து முடித்தவர் டம்ளரை உள்ளே தரவில்லை. மொட்டைமாடிக் குழாயில் தானே கழுவி, கைப்பிடிச்சுவரின் கோடியில் தனியாகக் கவிழ்த்து வைத்தார். ஊர் டீக்கடையில் அவருக்கென்று ஒதுக்கிய டம்ளரை அவர்தான் கழுவ வேண்டும், அவர்தான் கவிழ்க்க வேண்டும். எந்தச் சாமியும் வந்து போட்ட சட்டமில்லை. மனிதர்கள் போட்டது. மகள் வீட்டிலும் கை அதையே செய்தது.

அம்புஜத்தின் சிரிப்பு நின்றது. அவர் பார்வை டம்ளருக்கும் கிழவருக்குமாகப் போய்வந்தது.

"யாரு கண்ணு இது?"

"எங்க தோட்டத்துல வேலை செய்யறவருங்க."

சொல்லிவிட்டாள். வாய்க்குள் ஐஸ் இல்லை, ஆனாலும் நாக்கு மரத்துப்போனது.

கருப்புசாமி ஒரு கணம்தான் மகளைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"ஆமாங்க. சின்னம்மணிக்குக் காய் குடுத்துட்டு வரச்சொன்னாங்க. நான் வாரேனுங்க."

அவர் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெற்ற மகளைச் சின்னம்மணி என்று அழைத்த குரலில் ஒரு குத்தல்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"பாவம், மரியாதை தெரிஞ்ச ஆளு. எங்க வைக்கோணும்னு தெரிஞ்சு வெச்சுட்டுப் போறாரு பாரு," என்றார் அம்புஜம் திருப்தியாக. "இன்னும் கொஞ்சம் ஊத்து கண்ணு."

இனியா வெளியே போனாள். சுவரில் இருந்த டம்ளரை எடுத்து வந்தாள். அம்புஜத்தின் எதிரிலேயே அதில் டீயை ஊற்றி, உதடு வைத்துக் குடித்தாள்.

"அவரு எங்கப்பாங்க."

அம்புஜம் தன் டம்ளரைப் பார்த்தார். அதை மெதுவாக, மேசையின் ஓரத்தில் வைத்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மணி," என்றார். கண்ணு போய் அம்மணி வந்திருந்தது. "ஊட்டு விசயம் அவங்ககிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்," என்று கணவரைச் சாக்குச் சொல்லிப் படியிறங்கினார். பாதி டீ மிச்சமிருந்தது.

இனியா ஓடிப்போய்ப் பார்த்தாள். பஸ் போய்விட்டிருந்தது. போன் செய்தாள். கண்டக்டரின் விசிலுக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

"அப்பா, நான் சொல்லிப்போட்டேன். நீங்க யாருன்னு அவங்களுக்குச் சொல்லிப்போட்டேன்."



"எதுக்குக் கண்ணு சொன்னே?" என்றார் கருப்புசாமி. "ஊடு போயிருமே."