கூண்டுக்குள் நின்ற புவனேந்திரன்

புவனேந்திரன் போய்விட்டான்.

பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுக் காருக்குள் வந்து இருக்கிறேன், ஃபோனில் அவன் மகளின் மெசேஜ். "அப்பா மோசம் போயிட்டார் மாமா." சாவகச்சேரி ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக்.

காரை எடுக்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கேம்பஸில் ஒன்றாக நாடகம் போட்டவர்கள். நாடகத்தையும் ஒரு பாடமாகப் படிக்கலாம் என்று ஆட்கள் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு.

புவனேந்திரன் காங்கேசன்துறைப் பக்கம். கடலோடுகிற குடும்பம். வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகிய குரல்... அவனுக்கு மைக் தேவையில்லை.

நாடகம் பழக்க வந்த சேர் முதல் கிழமை முழுக்க எங்களைச் சீமெந்து நிலத்தில் படுக்கவைத்து மூச்சுப் பயிற்சிதான் தந்தார். அதைக் கேள்விப்பட்டு புவனேந்திரனின் ஐயா கேட்டாராம், "மூச்சு விடுறதையும் கேம்பஸிலை படிப்பிக்கினமோ?"

எங்கள் நாடகம் ஒரு கைதியைப் பற்றியது. அவன் கைதி. நான் ஜெயிலர்.

வெல்டிங் கடையில் ஒரு கம்பிக் கூண்டு செய்வித்தோம். பூட்டும் உண்மையான பூட்டு. "பூட்டுற சத்தம் கடைசி வரிசைக்கும் கேக்க வேணும்" என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான்.

ஒரு பின்னேரம், தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய மண்டபத்தில் ஒத்திகை. அவனை உள்ளே விட்டுப் பூட்டினேன். சாவியை பெல்ற்றில் கொழுவினேன்.

வாசலில் நின்ற எங்கள் பெடியன் ஒருவன் கத்தினான். "ஜீப் வருது! துவக்கோடை வாறாங்கள்!"

அந்த நாட்களில் நாலு பெடியள் ஒன்றாக நின்றாலே ஆமிக்காரர் பிடித்துப்போவார்கள். எல்லோரும் பின் ஜன்னலால் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன்.

வேலி கடந்து, வெங்காயத் தோட்டத்தால் ஓடும்போதுதான்... இடுப்பில் சாவி கிலுங்கியது.

திரும்பியிருக்கலாம். அவ்வளவு தூரம்கூட இல்லை. ஜீப் இன்னும் மண்டபத்துக்கு வரும் ஒழுங்கைக்குள்தான் உறுமிக்கொண்டிருந்தது.

திரும்பவில்லை.

தோட்டத்து வீட்டு அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து வெங்காயக் கொட்டிலுக்குள் இழுத்தார். "உந்தத் தொப்பியைக் கழட்டு தம்பி! இதிலை இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாக் கட்டு. ஆரும் கேட்டால் என்ரை தம்பி எண்டு சொல்லுறன்."

தலையில் இன்னும் ஜெயிலர் தொப்பி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அங்கே இருக்க மண்டபத்துச் சத்தம் கேட்டது. முதலில் சிரிப்பு. கூண்டுக்குள் ஒருவன் நிற்பதைக் கண்ட சிரிப்பாக இருக்கவேணும். பிறகு புவனேந்திரனின் குரல், முழு மூச்சில்.

"என்னைப் பூட்டினவன் எங்கை? அவனைக் கூப்பிடுங்கோ!"

அது நாடகத்தில் அவனுடைய வசனம். இது ஒத்திகைதான் என்று அவர்களுக்குக் காட்ட நடித்தானா... இல்லை, என்னைத்தான் கூப்பிட்டானா... இன்றுவரை தெரியாது.

அக்கா என்னைப் பார்த்தார். "உவன் ஆரைக் கூப்பிடுறான் தம்பி?"

"தெரியாது அக்கா" என்றேன்.

பிறகு இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். பூட்டை உடைத்து அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. என் கை வெங்காயம் கட்டிக்கொண்டே இருந்தது.

சேர் நாடகப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குப் போனார். பதினொரு நாளில் விட்டார்கள். இடது காது கேட்காமல் போயிருந்தது. எங்களில் ஒருவர் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை.

சாவிக்கு என்ன நடந்தது என்று குழுவில் கேட்டார்கள். "பாயேக்கை எங்கையோ விழுந்திட்டுது" என்றேன். அவனும் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான்.

நாடகமே வேண்டாம் என்றோம். அவன் கேட்கவில்லை. தானே போய்ப் புதுப் பூட்டு வாங்கிவந்தான்.

மேடையேற்றின அன்று மண்டபம் நிறைந்த சனம். அவன் கூண்டுக்குள். நான் பூட்ட வேண்டிய இடம்... பூட்டு வளையத்துக்குள் போகவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, உதடு அசையாமல் சொன்னான். "பூட்டு மச்சான். சனம் பாக்குது."

பூட்டினேன்.

பிறகு நான் கனடா வந்துவிட்டேன். அவன் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து, கடைசியில் சாவகச்சேரியில் கணக்கு வாத்தியார். மேடைப் பக்கம் போகவே இல்லை.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னர் ஃபோனில் கதைக்கும்போது துணிந்து தொடங்கினேன். "மச்சான், அண்டைக்கு அந்தச் சாவி என்னட்டைத்தான்..."

"என்னடா? கேக்கேல்லை."

"சாவி மச்சான்..."

"லைன் சரியில்லையடா. அங்கை சரியான குளிரோ?"

"ஓம்... குளிர்தான்."

அவ்வளவுதான். ஃபோனை அவன் எப்போதும் நல்ல காதில்தான் வைப்பான்.

அன்று கூட ஓடியவர்களில் மூன்று பேராவது இதை வாசிப்பீர்கள். சாவி விழவில்லை. என் இடுப்பில்தான் இருந்தது. உங்களுக்குப் பொய் சொன்னேன்.

நாளை செத்தவீடு. வீடியோவில் காட்டவா மாமா என்று மகள் கேட்டாள். ஓம் பிள்ளை, காட்டு என்றேன்.

ஆறுதலாப் போ மச்சான்.