தொட்டி யாருக்கு

சர்க்யூட் போர்டை வீட்டிலேயே செய்வது ஒரு வியாதி. படத்தை இணையத்தில் அனுப்பினால் சில நாளில் பச்சைப் பூச்சோடு மயூர் விஹார் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். எனக்குத்தான் அது கௌரவக் குறைச்சல். இத்தனைக்கும் நான் செய்யவிருந்தது காற்றில் எவ்வளவு புகை என்று சொல்லும் கருவி. தில்லியில் அதற்கு ஜன்னலைத் திறந்தாலே போதும்.

போர்டின் மேல் இருக்கும் செம்புத் தகட்டில் வேண்டாத இடத்தை மட்டும் ரசாயனத்தில் அரிக்க வேண்டும். முதல் போர்டை பிளாஸ்டிக் தட்டில் போட்டு ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஓரத்துக் கோடுகள் கரைந்தே போயின, நடுவில் செம்பு அசையவே இல்லை. எங்கும் ஒரே சீராக அரிக்க, ரசாயனம் வெதுவெதுப்பாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். உடனே ஒல்லியாக, உயரமாக ஒரு கண்ணாடித் தொட்டி கட்டக் கிளம்பிவிட்டேன்.

காற்றுப் பம்பும் ஹீட்டரும் வாங்க வண்ணமீன் கடைக்குப் போனபோது, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துப் போனேன். கடைக்காரர் அவள் கையில் ஒரு மீன் தீனிப் பொட்டலத்தைச் சும்மாவே கொடுத்தார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பசை காயும்வரை கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவள் பிடித்தாள். ஒருமுறை தொட்டி ஒழுகி, பால்கனித் தரை நிரந்தரமாகப் பழுப்பானது. நர்ஸாக வேலை பார்க்கும் மனைவி பழுப்பேறிய என் விரல்களைப் பார்த்துவிட்டு, அயோடின் பூசிய நோயாளிக்காவது காயம் என்று ஒன்று இருக்கும் என்றாள்.

ஒருவழியாகப் போர்டு வந்தது. மூலைக்கு மூலை ஒரே சீர், ஒரு கோடுகூட அறுபடவில்லை. பரிசு வாங்கியவன் போல வீடெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மனைவி "அச்சா" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள். மகள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க காம் முடிஞ்சிடுச்சுல்ல? இப்ப தண்ணி மாத்திட்டு மச்லி விடலாமா?"

எத்தனை முறை கழுவினாலும் அதில் செம்பு ஒட்டியிருக்கும், மீன் செத்துப்போகும் என்று சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவள் அழவில்லை. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். அவள் உள்ளே போய், பிரிக்காத தீனிப் பொட்டலத்தை எடுத்து வந்து, என் மேசையில் அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.