சோப்பக்கா எடுத்த சமையலறைப் படம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சோப்பக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வீடு வீடாகப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்து, யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று அலுவலகத்தில் வந்து சொல்லும் சமூகப் பணியாளர் அவள். அந்த வேலைக்கும் பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எதிரே உட்கார்ந்து "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டால் மனுஷர்கள் வாயைத் தைத்துக்கொள்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் கிடக்கும் தட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தால், அதே ஆட்கள் மடை திறந்தது போல் கொட்டித் தீர்க்கிறார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நேரே சமையலறைக்குத்தான் போவாள்.

அவள் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது. "ஊர்ப் பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கு, நம்ம வீட்டுப் பாத்திரம்தான் அநாதையா கிடக்கு. இங்கேயும் கஷ்டப்பட்ட ஆள் ஒருத்தன் இருக்கேன்னு மனு போட்டா வருவியா?" என்பார்.

"வரிசையில நில்லுங்க" என்பாள் அவள்.

இப்படியே காலம் ஓடியது. பிறகு புது மேற்பார்வையாளன் வந்தான். வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி. நல்ல பையன் என்பதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். போகிற வீட்டில் சாப்பிடக் கூடாது, சொந்த போன் நம்பர் தரக் கூடாது, அந்த வீட்டு வேலையில் கை வைக்கக் கூடாது என்று அடுக்கடுக்காக விதிகள் கொண்டுவந்தான். அவள் சண்டைக்குப் போனாள்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடி அந்தத் தெருவைப் பாத்தவர் என்ன பண்ணினார் தெரியுமா? பழகிப் பழகி ஒரு வயசான அம்மாவோட வீட்டுச் சாவியையே வாங்கி வச்சுக்கிட்டார். அவங்க இவரை மகன்னே நம்பிட்டாங்க. நீங்க நல்லவங்கதான். எல்லாரும் நீங்க இல்லையே" என்றான்.

அவன் சொல்வது சரி. தான் செய்வதும் தப்பாகத் தெரியவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று குழம்பிக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு வந்தாள். சோப்பை மட்டும் விடவில்லை.

அடுத்து கைபேசியில் ஒரு செயலி வந்து சேர்ந்தது. பார்த்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சமையலறையை ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். சமையலறையைப் பார்த்தால் குடும்பத்தின் நிலவரம் தெரிந்துவிடும் என்று எந்தப் புண்ணியவானோ முடிவு செய்திருக்கிறான். படத்தைப் பார்த்து அது நிறம் போடும். பச்சை என்றால் வீடு நன்றாக நடக்கிறது. சிவப்பு என்றால் ஆபத்து. சோப்பக்காவும் சொன்னபடி எடுத்து அனுப்பினாள். கிளம்பும்போதுதானே எடுக்கச் சொன்னார்கள்? அதற்குள் அவள் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்பையும் துடைத்து வைத்திருப்பாள். தான் துடைத்த அடுப்பைத்தான் தான் படம் எடுக்கிறோம் என்பது அந்த மகராசிக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது பஸ் டிரைவர் வீட்டில். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன மனுஷர். மனைவிக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சோப்பக்காவைத் தன் தங்கை என்றே நினைத்து, "வாடி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒவ்வொரு முறையும் கோபித்துக்கொள்வாள். வெளியூரில் இருக்கும் மகன், அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் விடச் சொல்லி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். டிரைவர் மசியவில்லை. காலையில் அலுவலகம் அனுப்பிய ஓர் உதவிப் பெண் வந்து அந்த அம்மாவைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைப்பாள். அந்த நேரத்தில் அவர் கொஞ்சம் கண்ணயர்வார். அதை வைத்துத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

படம் மேல் படமாகப் பச்சை விழவும், உதவிப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். சோப்பக்காவுக்கு விஷயம் தெரிய வந்ததே, அடுத்த முறை அவள் அந்த வீட்டுக்குப் போனபோதுதான்.

டிரைவர் முகம் வாடியிருந்தது, குரலில் மட்டும் ஒரே குஷி. "அம்மா, ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணினாங்க. வீட்டை நான் ரொம்ப நல்லா பாத்துக்கறேனாம், இனிமே ஆளே தேவையில்லையாம். உடனே பையனுக்குப் போன் போட்டேன். பாத்தியாடா, உங்கப்பன் பாஸ் பண்ணிட்டான்னேன். அதோட வாயை மூடிட்டான்."

சமையலறையில் அடிப்பிடித்துக் கருகிய பால் பாத்திரம். தொட்டி நிறையத் தட்டுகள். அவர் மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். அடுப்பை எரியவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாராம். பதறி எழுந்து பாத்திரத்தை இறக்கப்போய்ச் சுட்டுக்கொண்டாராம். கேட்டுக்கொண்டே சோப்பக்காவின் கை பழக்கப்படி சோப்புப் பக்கம் போனது. போன கை அப்படியே நின்றது.

"என்னம்மா, தொடாம நிக்கிறீங்க? எம்மேல ஏதாவது கோபமா?"

மறைக்க மனம் வரவில்லை. தான் தேய்த்துத் துடைத்த சமையலறையைப் படம் எடுத்து அனுப்பியதால்தான் பச்சை விழுந்தது என்று சொல்லிவிட்டாள். அவர் தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பாஸ் மார்க் என்னுது இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

"நான் தேறிட்டேன்னு நினைச்சேன்மா" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரி, இதை இப்படியே படம் எடுத்தா?" என்றார்.

"சிவப்பு விழும். உதவிக்கு ஆள் திரும்ப வரலாம். இல்லேன்னா அம்மாவை இல்லத்துல சேர்க்கச் சொல்லலாம்."

"ரெண்டுல எது?"

"தெரியலீங்க ஐயா."

"இத்தனை வருஷம் இதே வேலைதானே பாக்கறீங்க?"

"ஆமாங்க. முன்னெல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு." அவள் கைபேசியை மேடைமேல் வைத்தாள். "நீங்க வேண்டாம்னா எடுக்கலை. முடிவு உங்களுது."

அவர் எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். மனைவியைக் கைபிடித்துக் கூட்டிவந்து தொட்டி பக்கத்தில் நிறுத்தி, தானும் நின்றார்.

"எடுங்க."

"ஆட்கள் படத்துல இருக்கக் கூடாதுங்க ஐயா. அது ஏத்துக்காது."

"ஆள் இல்லாம எடுத்தா இது யாரோ கவனிக்காம விட்ட வீடுன்னு நினைப்பாங்க. நான் கவனிக்காம விடலைம்மா. முடியலை. ரெண்டும் ஒண்ணா?"

அந்த அம்மா குடும்பப் படம் என்று நினைத்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சோப்பக்கா எடுத்தாள். செயலி திருப்பி அனுப்பியது. மறுபடி அனுப்பினாள், மறுபடி திருப்பியது. கடைசியில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளன் முன்னால் போய் நின்று, சோப்புக் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் கோபப்படுவான் என்று பார்த்தால், கோபப்படவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் விழித்தான். படத்தை விரலால் பெரிதாக்கி அந்த மணிக்கட்டுத் துணியைப் பார்த்தான்.

"இது பச்சையா சிவப்பா, அக்கா?"

"அதைக் கேக்கத்தானே தம்பி உங்ககிட்ட வந்தேன்?"

அவன் மண்டையைச் சொறிந்தான். யார் யாரையோ போனில் பிடித்தான். உதவிப் பெண்ணைத் திரும்ப அனுப்பலாம், அந்த அம்மா இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கலாம், சோப்பக்காமீது விசாரணை உண்டு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

உதவிப் பெண் போய்ச் சேர்ந்த அன்று, கொடுக்கக் கூடாத சொந்த நம்பருக்கு டிரைவர் கூப்பிட்டார். எடுக்கக் கூடாது என்று தெரிந்தே எடுத்தாள்.

"ஆள் வந்துட்டாங்கம்மா. நல்லா தூங்கினேன். ஆனா பையன் கேக்கறான், பாஸ் பண்ணினேன்னியே, அப்புறம் எதுக்கு ஆள்னு. நான் பாஸா, பெயிலா? என்னன்னு சொல்றது?"

"பெயிலானது நீங்க இல்லை, உங்க வீட்டுக்கு வந்துபோற பொம்பளைன்னு சொல்லுங்க ஐயா" என்றாள்.

"அதெப்படிம்மா சொல்வேன்? அவன் ஆபீஸ்ல உங்க மேல புகாரே கொடுத்துடுவான், அவங்க உங்களை நிறுத்திடுவாங்க" என்றார் டிரைவர். "வேண்டாம். நான் பெயில்னே சொல்லிக்கறேன்."